முடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் பழைய திரை: பேக்ரவுண்ட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம் செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படுவது இதுதான்: "பின்னாடி ஒகேனக்கல் வெச்சுக் குடுங்க." இல்லாவிட்டால் கே.ஆர்.பி. அணைப் பூங்கா, அதுவும் இல்லாவிட்டால் மாந்தோப்பு. படம் எடுத்தது என்னவோ பாலக்கோட்டில் ஒரு வீட்டு ஹாலில், வெளிர் நீலத் துணிக்கு முன்னால். முகம், பட்டுப் பாவாடை, வளையல் எல்லாம் சுத்தமாகப் பிரிந்து வந்துவிடும். நெற்றிக்கு மேலே பறக்கும் நாலு முடியில்தான் வேலை மாட்டிக்கொள்ளும். ஒன்று, தலையைச் சுற்றி நீலக்கோடு ஓடும். அல்லது ஹெல்மெட் போட்ட மாதிரி வழவழவென்று இருக்கும்.

இங்கே நடக்கும் முதல் தவறு, முடியை வெட்டி எடுக்கலாம் என்று நம்புவது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் நெட்டுவாக்கில் எடுத்த படத்தின் உயரம் சுமார் 6000 பிக்சல். இடுப்பளவு படத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் ஃபிரேமுக்குள் வருகிறது. அப்படியானால் ஒரு பிக்சல் என்பது 0.17 மில்லிமீட்டர். தலைமுடியின் கனமோ பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். அதாவது தனியாகப் பறக்கும் ஒற்றை முடி ஒரு பிக்சலைக்கூட முழுசாக நிரப்பாது. அந்தப் பிக்சலில் பாதி முடி, பாதி நீலத் துணி. இரண்டும் கலந்து ஒரே நிறமாகப் பதிவாகியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டால் நீலமும் கூடவே வரும். நீக்கினால் முடியும் போய்விடும். எந்த டூல் எடுத்தாலும் இந்தக் கலவையைத்தான் சமாளிக்கிறது.

அதனால் டூலைவிட முக்கியமானது, பழைய பின்னணிக்கும் புதிய பின்னணிக்கும் வெளிச்சம் ஒத்துப்போகிறதா என்பது. இதை யோசிக்காமல் நேராக மாஸ்க் (படத்தில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பு) போட உட்கார்ந்துவிடுவதுதான் என் பார்வையில் பெரிய தவறு. வெளிர் துணிக்கு முன்னால் எடுத்த படத்தை அடர்ந்த மாந்தோப்பு நிழலில் கொண்டுபோய் வைத்தால், ஓரப் பிக்சல்களில் கலந்திருக்கும் வெளிறல் முழுக்கப் பல்லிளிக்கும். அதே படத்தை வெளிச்சமான இடத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை கண்ணுக்கே தெரியாது. ஒகேனக்கல் படத்தில் கரும்பாறையும் இருக்கிறது, வெண்ணுரையும் இருக்கிறது. தலைக்குப் பின்னால் பாறை வராமல் நுரை வருகிற மாதிரி பின்னணியைக் கொஞ்சம் நகர்த்தி, லேசாக மங்கலாக்கி வையுங்கள். மாந்தோப்பு என்றால் இலைகளுக்கு நடுவே வானம் தெரியும் இடத்தைத் தலைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இந்த நகர்த்தலுக்குச் சில நொடிகள் போதும். பல நேரம் ஒரு மணி நேர மாஸ்க் வேலையை மிச்சப்படுத்தும்.

வெளிர் பின்னணியிலிருந்து வெளிர் பின்னணிக்குப் போகும்போது மல்டிப்ளை என்ற பிளெண்ட் மோட் (மேல் படத்தையும் கீழ்ப் படத்தையும் கலக்கும் முறை) நன்றாகக் கைகொடுக்கும். வெள்ளை மறைந்துவிடும், கறுப்பு நிற்கும். கறுப்பு முடிக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் இணையத்தில் இதைச் சொல்லித் தரும் வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் தலையில் மல்லிகைச் சரம் வைத்திருப்பதில்லை. நம் படத்தில் மல்டிப்ளை போட்டால் மல்லிகையும் சேர்ந்து மறையும். பூ இருந்த இடத்தில் அருவி தெரியும்! அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேயர், அதாவது இரண்டு பட அடுக்கு வேண்டும். கீழே மல்டிப்ளை லேயர். அதில் முடி ஓரம் மட்டும் தெரியும்படி மாஸ்க்; துணியின் நீலம் ஒட்டாமலிருக்க நிறத்தை நீக்கிவிட்டு, லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) துணியை முழு வெள்ளையாக ஏற்றிவிடவும். மேலே சாதாரண லேயர். அதில் முகம், உடல், பூச்சரம், தலையின் அடர்ந்த பகுதி. பாட்டி படத்துக்கு இந்த வழி ஆகவே ஆகாது. நரைமுடி வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். அவர்களைக் கருந்துணிக்கு முன்னால் எடுத்து, இருண்ட பின்னணியில் ஸ்கிரீன் மோடில் வைக்கலாம்; அது மல்டிப்ளைக்கு நேர்மாறு, கறுப்பு மறைந்து வெள்ளை நிற்கும்.

கனகாம்பரம் வேறு விதமாகக் காலை வாரும். ஃபோட்டோஷாப்பின் 'செலக்ட் அண்ட் மாஸ்க்' பகுதியில் 'டீகண்டாமினேட் கலர்ஸ்' என்றொரு வசதி உண்டு. ஓரத்தில் ஒட்டிய பழைய நிறத்தை எடுத்துவிட்டு, பக்கத்தில் முழுசாகத் தேர்வான பகுதியின் நிறத்தை அங்கே பரப்பும். பக்கத்தில் இருப்பது கறுப்பு முடி என்றால் சரி. கனகாம்பரம் என்றால் அந்த இடத்துச் சின்ன முடிகளுக்கு ஆரஞ்சுச் சாயம் ஏறிவிடும். அங்கே மட்டும் இதை நம்பாமல், மேலே கலர் மோடில் (நிறத்தை மட்டும் மாற்றும் முறை) ஒரு லேயர் போட்டு, முடியின் நிறத்தை எடுத்து மென்மையான பிரஷ்ஷால் தடவிவிடுங்கள். இந்த வசதி பிக்சலின் நிறத்தையே மாற்றுகிறது என்பதால் அசல் லேயரை எப்போதும் தனியாக வைத்திருக்க வேண்டும். எரேசரால் அழிப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். அழித்தது போனதுதான், மாஸ்க் என்றால் திரும்பக் கொண்டுவரலாம்.

அப்புறம் சேனல் வழி. படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டுவதுதான் சேனல். பழைய முறைதான், ஆனால் கஷ்டமான படத்துக்கு இன்றும் இதுதான் எனக்குப் பிடிக்கும். நீலத் துணி என்றால் நீலச் சேனலைப் பாருங்கள்: துணி பளிச்சென்றும் முடி கறுப்பாகவும் இருக்கும். அதையே மாஸ்க்காக்க நகலெடுத்து லெவல்ஸில் வேறுபாட்டைக் கூட்டுவார்கள். தவறு நடப்பது அங்கேதான். ஒரே இழுப்பில் முழுக் கறுப்பு, முழு வெள்ளை என்று ஆக்கிவிட்டால் நுனிமுடிகள் ஒன்று துண்டு துண்டாக உடையும், அல்லது கம்பி மாதிரி தடிக்கும். முடி நுனியில் சாம்பல் நிறம் மிஞ்ச வேண்டும்; அந்தச் சாம்பல்தான் பாதி முடி, பாதி துணி என்ற கணக்கு. மீதியை ஓவர்லே மோடில் பிரஷ் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

எல்லா ஓரத்துக்கும் ஒரே அளவு ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) கொடுப்பதும் பரவலாக நடக்கிறது. பட்டுச் சேலையின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், முடி மென்மையாக இருக்க வேண்டும். உடலுக்குக் கூர்மையாகக் கோடு போட்டுப் பிரிக்கும் பென் டூல், முடிக்குத் தனி மாஸ்க். 'ரிஃபைன் எட்ஜ் பிரஷ்' முடிக்கு மட்டும்தான். அதை ஜிமிக்கி மேல் ஓட்டினால் ஜிமிக்கி பாதி ஆவியாகிவிடும். 2018-இல் ஆளைத் தானாகத் தேர்வு செய்யும் 'செலக்ட் சப்ஜெக்ட்' வந்ததிலிருந்து ஒரே கிளிக்கில் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அது தொடக்கத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தை வாங்கி முடி வேலை செய்ய உட்காராதீர்கள். படம் சுருங்கியிருக்கும், நிறத் தகவலும் குறைந்திருக்கும், முடி ஓரம் கஞ்சியாகியிருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒளியின் திசை பொருந்தாவிட்டால் மேலே சொன்ன உழைப்பெல்லாம் வீண். முகத்துக்கு நேராக ரிங் லைட் அடித்து எடுத்த படத்துக்குப் பின்னால் மாலைச் சூரியனை வைத்தால், முடி ஓரத்தில் ஒளிக்கீற்றே இல்லாமல் எப்படி நம்புவது? அந்த மாதிரி பின்னணி கேட்டால் நான் மறுத்துவிடச் சொல்வேன், அல்லது எடுக்கும்போதே பின்னால் ஒரு விளக்கு வைக்க வேண்டும். எடுக்கும்போதே பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. பெண்ணைத் துணியோடு ஒட்டி நிறுத்தாமல் ஐந்தாறு அடி முன்னால் நிறுத்துங்கள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை பளபளப்பில் துணி நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அரக்கு நிறத் திரைக்கு முன்னால் கருங்கூந்தலை எடுத்தால் சேனலில் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். படம் எடுக்கும் அந்த ஐந்து நிமிடம் மின்விசிறியை நிறுத்துங்கள். மே மாத வெயிலில் திட்டு விழும்தான்.

எல்லா முடியையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். சிக்கலான ஐந்தாறு முடியை விட்டுவிட்டு, ஒன்றிரண்டு பிக்சல் பிரஷ்ஷால் இயல்பான வளைவில் சிலவற்றை வரைந்துகொள்ளலாம். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வாசலில் கட்டும் பத்தடி ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு மெனக்கெடலே தேவையில்லை, ரோட்டில் போகிறவர்கள் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்ப்பார்கள். அதை அச்சுக்கு அனுப்புமுன் 100 சதவீத அளவில் ஒருமுறை கறுப்பு மேல், ஒருமுறை வெள்ளை மேல், கடைசியாகப் புதிய பின்னணி மேல் வைத்துப் பாருங்கள். பின்னணி இல்லாத இடத்தில் ஃபோட்டோஷாப் காட்டும் சதுரங்கக் கட்டத்தின் மேல் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் நீலக்கோடு அச்சில்தான் தெரியவரும்.