ஒரு போர் விமானத்தை ரசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஸ்பிட்ஃபயர், ஏ-10, எஸ்ஆர்-71 போன்ற பெயர்களைச் சொன்னவுடன் விமான ஆர்வலர்கள் உற்சாகமடைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், அழகு, வேகம், சத்தம் என்ற சொற்களுக்கு மேல் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. ஒரு போர் விமானத்தின் ஒவ்வொரு வளைவும் அதன் வடிவமைப்பாளர் எதிர்கொண்ட ஏதோ ஒரு சிக்கலுக்கான தீர்வு என்பதும், அந்தச் சிக்கல் என்னவென்று தெரிந்த பிறகே தீர்வின் அருமை புலப்படும் என்பதும் என் உறுதியான கருத்து. அப்படிப் பார்க்கப் பழகுவதற்கான வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். இதற்கு விமானப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலும், சில தாள்களும், விமானத்தை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்டும் வரைபடமும் இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்திலேயே நூறு விமானங்களின் பெயர்களையும் வேகங்களையும் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். நிறையப் படங்கள் கிடைக்கக்கூடிய, பல வகைகளாக வளர்ந்த, இன்றும் நேரில் பார்க்க முடிகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாடத்திற்கு நான் பரிந்துரைப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் பயன்படுத்திய சூப்பர்மரீன் ஸ்பிட்ஃபயர்.

படி 2: அந்த விமானத்திடம் என்ன கேட்கப்பட்டது என்பதைக் கண்டறியுங்கள்

எந்த விமானமும் வெற்றுத் தாளில் தன் விருப்பம்போல் பிறப்பதில்லை. 1930-களின் நடுப்பகுதியில் பிரிட்டனின் விமானத் துறை அமைச்சகம், வேகமாக வரும் குண்டுவீச்சு விமானம் குறியில் அகப்படும் ஓரிரு நொடிகளுக்குள் அதை வீழ்த்துவதற்கு எட்டு இயந்திரத் துப்பாக்கிகளாவது தேவை என்ற முடிவுக்கு வந்திருந்தது. ஆகவே சூப்பர்மரீன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஆர். ஜே. மிட்செல் தலைமையிலான குழுவின் முன் இருந்த கேள்வி இதுதான்: எட்டுத் துப்பாக்கிகளையும், அவற்றின் குண்டுகளையும், உள்ளே மடங்கும் சக்கரங்களையும் சுமக்கும் ஓர் இறக்கையை, வேகத்தைக் குறைக்காத அளவுக்கு மெல்லியதாக எப்படிச் செய்வது? இந்தக் கேள்வியை உங்கள் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இனி வரைபடத்தில் நீங்கள் பார்ப்பவை அனைத்தையும் இதோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

படி 3: இறக்கையை உங்கள் கையால் வரைந்து பாருங்கள்

மேலிருந்து பார்க்கும் படத்தை வைத்துக்கொண்டு முதலில் நேர்க்கோடுகளாலான, நுனி நோக்கிக் குறுகிச் செல்லும் ஒரு சாதாரண இறக்கையை வரையுங்கள். அதன் மேல் ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கையை வரையுங்கள். உடலிலிருந்து பாதித் தொலைவைக் கடந்த பின்பும் நீள்வட்ட இறக்கை அகலமாகவே இருப்பதையும், நுனிக்கு அருகில்தான் அது சட்டென்று வளைந்து ஒடுங்குவதையும் காண்பீர்கள். சுழலும் புரொப்பெல்லரில் குண்டுகள் படாதிருக்கத் துப்பாக்கிகளை அதன் வட்டத்துக்கு வெளியே, இறக்கையில் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அவற்றுக்கு வேண்டிய உயரத்தை, இறக்கையைத் தடிமனாக்காமல், அந்த அகலமே கொடுத்தது. காற்றியல் வல்லுநர் பெவர்லி ஷென்ஸ்டன் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: தூக்குவிசை, அதாவது விமானத்தை மேலே தாங்கும் விசை, இறக்கையின் நீளத்தில் நீள்வட்டமாகப் பரவும்போது, அதனால் உண்டாகும் இழுவை, அதாவது விமானத்தைப் பின்னிழுக்கும் காற்றுத் தடை, மிகக் குறைவாக இருக்கும். இறக்கை நீள்வட்டமாக இருக்கிறதா இல்லையா என்பது பற்றித் தமக்குக் கவலையில்லை, துப்பாக்கிகளை மூடினால் போதும் என்ற பொருளில் மிட்செல் பதிலளித்ததாக ஷென்ஸ்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகின் மிக அழகான இறக்கை என்று பலர் கொண்டாடும் ஒன்று அழகை நினைத்துச் செய்யப்பட்டதே அல்ல என்பதை நான் எப்போதும் வியப்போடுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

மெல்லிய இறக்கையின் பலன் பின்னர் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. 1944-இல் பிரிட்டனின் விமான ஆராய்ச்சி நிலையம் இருந்த ஃபார்ன்பரோவில், உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து பார்த்த சோதனைகளில் ஒரு ஸ்பிட்ஃபயர் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.89 பங்கைத் தொட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்த ஒரு வடிவமைப்புக்கு அது பெரும் சாதனை. மிட்செல் அதைக் காண உயிரோடு இல்லை. 1937-இல், 42 வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டார்.

அந்த இறக்கைக்கு விலையும் உண்டு. அதைத் தொழிற்சாலையில் செய்வது கடினமாக இருந்தது. சக்கரங்கள் வெளிப்புறமாக மடங்கியதால் அவற்றுக்கிடையேயான இடைவெளி குறுகி, தரையில் விமானம் தள்ளாடியது. முன்புறப் படத்தில் சக்கரங்களின் நெருக்கத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: எஞ்சினைக் கொண்டு வகைகளைப் பிரித்தறியுங்கள்

ஸ்பிட்ஃபயர் 20,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில், பல வகைகளாகக் கட்டப்பட்டது. அவற்றைப் பிரித்தறியும் பயிற்சிதான் பார்வையாளரை ஆர்வலராக்குகிறது. முதலில் இறக்கையின் அடிப்பகுதியைப் பாருங்கள். வலப்புறம் பெரிய குளிர்விப்பானும் இடப்புறம் சிறியதும் இருந்தால் அது தொடக்ககால வகைகளில் ஒன்று. இரு புறமும் ஒரே அளவுள்ள பெரிய குளிர்விப்பான்கள் இருந்தால் ஒன்பதாம் வகை அல்லது அதற்குப் பிந்தியது. அடுத்து மூக்குப் பகுதியின் மேற்புறத்தைப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு புடைப்புகள் தெரிந்தால், உள்ளே இருப்பது 27 லிட்டர் மெர்லின் எஞ்சினுக்குப் பதிலாக வந்த 36.7 லிட்டர் கிரிஃபன். பதினான்காம் வகையில் அந்தப் பெரிய எஞ்சினின் ஆற்றலைக் காற்றுக்கு மாற்ற ஐந்து இதழ் புரொப்பெல்லர் தேவைப்பட்டது. கிரிஃபன் எதிர்த்திசையில் சுழல்வதால், மெர்லினுக்குப் பழகிய விமானிகள், ஓடுதளத்தில் விமானம் மறுபக்கம் இழுப்பதற்குத் தங்கள் கால்களைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது.

மெர்லினின் குறையொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கருவியான கார்புரேட்டரில் எரிபொருள் ஓட்டம் குலைந்து எஞ்சின் திணறியது. எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் எஞ்சின் கொண்ட ஜெர்மானிய விமானங்கள் அவ்வாறு பாய்ந்தே தப்பின. 1941-இல் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங், நடுவில் துளையுள்ள ஒரு சிறிய உலோக வளையத்தைப் பொருத்தி அந்தச் சிக்கலைப் பெருமளவு தணித்தார். எனக்கு இந்தக் கதையில் இறக்கையின் கதைக்கு ஈடான நிறைவு கிடைக்கிறது.

படி 5: அழகில்லாத ஒன்றை அடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்

இங்கேதான் உங்கள் புதிய பார்வைக்கு உண்மையான சோதனை. 1972 மே 10 அன்று முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் ஏ-10 விமானத்திற்கு வீரர்கள் வைத்த செல்லப்பெயர் காட்டுப்பன்றி இனமொன்றின் பெயரான வார்ட்ஹாக். அதனிடம் கேட்கப்பட்டது வேகம் அல்ல. தரைப்படையின் தலைக்கு மேல் தாழ்வாகவும் மெதுவாகவும் நீண்ட நேரம் சுற்றி, டாங்கிகளை அழித்து, அடிபட்டாலும் வீடு திரும்ப வேண்டும் என்பதே. இதைத் தாளில் எழுதிக்கொண்டு படத்தைப் பாருங்கள். நேரான, நீண்ட இறக்கை மெதுவாகப் பறப்பதற்கு. எஞ்சின்கள் உடலின் மேற்புறத்தில் உயர்த்தி வைக்கப்பட்டிருப்பது, ஓடுதளத்துக் கல்லும் மண்ணும் உள்ளே போகாமலிருக்கவும், வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைகளிடமிருந்து வால் பகுதி ஓரளவு மறைக்கவும். மடக்கிய பின்பும் சக்கரங்கள் பாதி வெளியே தெரிவது, அவற்றை இறக்க முடியாத நிலையிலும் அவற்றின் மீதே தரையிறங்குவதற்காக. சுழலும் ஏழு குழல்கள் கொண்ட 30 மி.மீ. பீரங்கியில் அந்தந்தக் கணத்தில் சுடும் குழல் சரியாக நடுக்கோட்டில் அமைய வேண்டியிருந்ததால், முன் சக்கரம் வலப்புறம் ஒதுங்கியிருக்கிறது. முன்னிருந்து எடுத்த படத்தில் அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஈராக் போரின்போது, 2003 ஏப்ரல் 7 அன்று பாக்தாத்தின் மேல் விமானி கிம் காம்ப்பெலின் ஏ-10 தாக்கப்பட்டு, நீரியல் அழுத்த அமைப்பு முழுவதும் செயலிழந்தது. கம்பிகளாலும் நெம்புகோல்களாலும் இயங்கும் மாற்று அமைப்பைக் கொண்டு அவர் விமானத்தைத் தளத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். அதே வேளையில், அந்தப் பீரங்கி எதற்காகச் செய்யப்பட்டதோ அதன் மறுமுனையில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும், அது சுட்ட குண்டுகளில் செறிவு குறைந்த யுரேனியம் இருந்தது என்பதையும் ஆர்வலர் மறைக்காமல் அறிந்திருக்க வேண்டும். வடிவமைப்பை வியப்பதற்காக அது செய்த வேலையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வது நேர்மையான ரசனையாகாது.

படி 6: எல்லையைத் தொட்ட ஒன்றைப் படியுங்கள்

1964 டிசம்பர் 22 அன்று முதலில் பறந்த அமெரிக்காவின் எஸ்ஆர்-71 உளவு விமானத்திடம் கேட்கப்பட்டது, ஏவுகணை எட்டிப் பிடிக்க முடியாத உயரத்திலும் வேகத்திலும் பறக்க வேண்டும் என்பது. ஒலியைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றின் உரசலும் அழுத்தமும் அலுமினியம் தாங்காத வெப்பத்தை உண்டாக்கும். ஆகவே லாக்ஹீட் நிறுவன வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சனின் குழு பெரும்பாலும் டைட்டானியத்தால் விமானத்தைச் செய்தது. அந்த டைட்டானியத்தின் ஒரு பகுதி, இடைநிலை நிறுவனங்கள் வழியாகச் சோவியத் ஒன்றியத்திலிருந்தே வாங்கப்பட்டது. வெப்பத்தை வெளியே வீசுவதற்காகக் கறுப்பு வண்ணம் பூசினார்கள். பறக்கும்போது உடல் விரிவடையும் என்பதால் இணைப்புகளில் இடைவெளி விடப்பட்டிருந்தது. அதனால் தரையில் நிற்கும்போது எரிபொருள் கசிந்தது.

படத்தில் நீங்கள் நீண்ட நேரம் பார்க்க வேண்டியது எஞ்சின்களின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் கூம்புகளை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் காற்றை அப்படியே எஞ்சினுக்குள் விட முடியாது. அதை ஒலிவேகத்துக்குக் கீழே குறைத்தாக வேண்டும். வேகம் கூடக் கூட அந்தக் கூம்பு ஏறத்தாழ 66 செ.மீ. பின்வாங்கி, அதிர்வலையை, அதாவது ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்று திடீரென அழுந்தும் இடத்தை, சரியான இடத்தில் நிறுத்தியது. 1974 செப்டம்பர் 1 அன்று இந்த விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 1 மணி 55 நிமிடங்களுக்குள் சென்றது. கட்டப்பட்ட 32-இல் 12 விபத்துகளில் அழிந்தன. எதிரியின் தாக்குதலில் ஒன்றுகூட வீழவில்லை.

படி 7: நேரில் சென்று பாருங்கள்

டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில் ஸ்பிட்ஃபயர் ஒன்று உள்ளது. பெங்களூருவில் உள்ள எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்) அருங்காட்சியகத்தில் மாருத் இருக்கிறது. ஜெர்மனியின் ஃபோக்கெ-வுல்ஃப் 190-ஐ உருவாக்கிய குர்ட் டாங்க், இந்தியாவுக்காக வடிவமைத்து, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த விமானம் அது. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்துக்கு ஏற்ற உடலைச் செய்துவிட்டு, அதற்குரிய எஞ்சின் கடைசிவரை கிடைக்காமல், ஆற்றல் குறைந்த இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களோடே பறந்தது. ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்குப் பயன்பட்டது. ஒல்லியான அந்த உடலை முன்னிருந்து பின்வரை நடந்து பார்த்து, என்ன கேட்கப்பட்டது, எது கிடைக்கவில்லை என்ற இரண்டு வரிகளை உங்கள் தாளில் எழுதுங்கள்.

பிறகு, 2025 செப்டம்பர் 26 அன்று இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்ற மிக்-21-இன் முன் நில்லுங்கள். பல இடங்களில் அது காட்சிக்கு நிறுத்தப்பட்டுள்ளது. அதன் மூக்கின் நடுவே ஒரு கூம்பு இருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது, ஏன் அசையும்படி செய்யப்பட்டிருக்கிறது என்பதை, அருகில் உள்ள விளக்கப் பலகையைப் படிக்காமலேயே உடன் வந்தவருக்குச் சொல்லிப் பாருங்கள்.