நம்ம ஊர் ஃபுட்பால் டீமுக்கு குட்டி ஃபேன்ஸ் சேர்க்கிறது எப்படி? (மலைக்காரங்களுக்கு மட்டும்)

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன கிளப்போட ஏழெட்டு வருஷமா சுத்திட்டு இருக்கேன். எனக்கு ஆடத் தெரியாது, சுண்ணாம்பு போடுறது, நெட் கட்டுறது, மைக் புடிக்கிறது இதான் நம்ம வேலை. மொதல்ல மேட்ச் பாக்க வர்றது யாருன்னா பிளேயரோட மாமா மச்சான், அப்புறம் ரெண்டு நாய். இப்ப ஞாயித்துக்கிழமைன்னா லைன் ஓரமா நாப்பது அம்பது பொடிசுங்க நிக்குது. என்ன பண்ணீங்கன்னு கேக்குறாங்க, அதான் இது.

ஸ்டெப் 1: பஸ் டைம் பாருங்க

போஸ்டர், இன்ஸ்டா எல்லாம் அப்புறம். நாங்க மொதல்ல நாலு மணிக்கு மேட்ச் வெச்சோம், செகண்ட் ஹாஃப்ல மிஸ்ட் எறங்கிரும், கடைசி மினி பஸ்ஸும் போயிரும்னு இன்டர்வல்லயே பாதி பசங்க ஓடிட்டாங்க. ரெண்டு மணிக்கு மாத்துனதும் கடைசி விசில் வரைக்கும் நின்னாங்க, அவ்ளோதான் ரகசியம். ஏப்ரல் மே சீசன்ல ரோடு பூரா டூரிஸ்ட் வண்டி, ஜூன்ல இருந்து மழை, ஹெத்தை ஹப்பா (படுகர் திருவிழா) நேரத்துல ஹட்டி (படுகர் ஊர்) பசங்க யாரும் வரமாட்டாங்க. ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும்தான் நமக்கு நல்ல டைம், ஆனா பரீட்சை அட்டவணையும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

ஸ்டெப் 2: சும்மா நிக்க வெக்காதீங்க, வேலை குடுங்க

இதுதான் முக்கியம். எங்க கிரவுண்டுக்கு கீழ டீ காடு. பந்து உள்ள போச்சுன்னா பெரியவங்க செடிய மிதிச்சுட்டு தேடுவாங்க, எஸ்டேட்காரங்க கத்துவாங்க. ஒரு நாள் எஸ்டேட் தொழிலாளிங்க லைன் வீட்டுப் பையன் ஒருத்தன், அஞ்சாவது படிக்கிறான், அவங்கம்மா கொழுந்து பறிக்கப் போற சந்து வழியா குனிஞ்சு பூந்து அரை நிமிஷத்துல பந்தோட வந்து நின்னான், ஒரு கிளை ஒடியல. அடுத்த வாரம் அவனுக்கு ஒரு பழைய ஜெர்சி குடுத்து, மைக்ல பேர் சொன்னோம். அதுக்கடுத்த வாரம் அவன் கூட ஆறு பேர்!

இப்ப ஸ்கோர் போர்டு மாத்த ஒருத்தர், தண்ணி குடுக்க ரெண்டு பேர், பந்துல காத்து பாக்க ஒருத்தர். காத்து விஷயம் விளையாட்டுக்கு சொல்லல, மதியம் வெயில்ல காத்தடிச்ச பந்து குளிர் ஏற ஏற கொஞ்சம் தொஞ்சு போயிரும், அத அமுக்கிப் பாத்து "அண்ணா, காத்து கம்மி"ன்னு சொல்ற பொண்ணு எங்களுக்கு இருக்கு. ரெஃப்ரியே அவகிட்டதான் கேப்பாரு.

ஸ்டெப் 3: பிளேயர பக்கத்துல கொண்டு வாங்க

2019 மார்ச்சுல சென்னை சிட்டி கிளப் கோயம்புத்தூர்ல மினெர்வா பஞ்சாப் டீம 3-1ன்னு அடிச்சு ஐ-லீக்ங்கற தேசிய லீக் கப் தூக்குனப்ப இங்கருந்தும் வண்டி கட்டி எறங்கிப் போனோம். பசங்களுக்கு செம குஷி, ஆனா ரெண்டு வாரத்துல மறுபடி மெஸ்ஸி, ரொனால்டோதான். மெஸ்ஸி கூட நம்மால போட்டி போட முடியாது, ஆனா எங்க கோல்கீப்பர் ஜீப் ஓட்டுறவரு, திங்கக்கிழமை ஸ்கூல் போற வழியில நிறுத்தி ஏத்திட்டுப் போவாரு. மேட்ச் முடிஞ்சதும் பிளேயர்ஸ் பத்து நிமிஷம் பசங்களோட நிக்கணும், இத கேப்டன்கிட்ட கண்டிப்பா சொல்லிருங்க, இல்லன்னா நேரா டீ கடைக்குப் போயிருவாங்க.

ஸ்டெப் 4: இன்டர்வல் கிரவுண்டு பசங்களுக்கு

நாலாம் நம்பர் சைஸ் பந்து ஒண்ணு வாங்குங்க, பெரியவங்க ஆடுற அஞ்சாம் நம்பர் சின்னதுங்க காலுக்கு கனம். ரெண்டு செருப்பு வெச்சா கோல் போஸ்ட். கூடலூர், பந்தலூர் பக்கம் கேரளா மலப்புரத்து செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால்) காத்து அடிக்கிறதால அங்க கமென்ட்ரிலயே கூட்டம் சேந்துரும், அத காப்பி அடிங்க, இந்த குட்டி ஆட்டத்துக்கும் மைக்ல கத்துங்க.

ஸ்டெப் 5: அம்மாங்ககிட்ட பேசுங்க

குறிப்பா பொண்ணுங்க வரணும்னா. எத்தன மணிக்கு முடியும், யார் கூட்டிட்டு வந்து விடுவாங்கன்னு நேர்ல போய் சொல்லணும், வாட்ஸ்அப்ல சொன்னா பத்தாது. ரீல்ஸ் போடறதுக்கு முன்னாடி வீட்ல கேளுங்க, எங்காளு ஒருத்தன் கேக்காம போட்டு ஒரு மாசம் அந்த ஹட்டியில இருந்து யாரும் வரல.

செலவு பெருசா ஆகாது. நீலகிரி மாவட்டத்துல பிளாஸ்டிக் தடை இருக்கு, அதனால கொடி எல்லாம் துணிதான், டெய்லர்கிட்ட மிச்ச துணி கேட்டா கெடைக்கும். வேலை பாத்த பசங்களுக்கு டீயும் வர்க்கியும் போதும். அப்புறம் பம்பு ஊசி ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்கோங்க, ஒண்ணு எப்படியும் யாராவது பாக்கெட்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவாங்க.