பெட்ரோல் விலை ஏறுனா ட்ரக் கேம்பர் ட்ரிப்பை என்ன பண்றது: ஒரு கணக்கு

"கேலனுக்கு ஒரு டாலர் ஏறிடுச்சுப்பா, இந்த வருஷம் யூட்டா வேணாம்"னு சொல்றவங்க இங்க அமெரிக்காவுல நம்ம ஆளுங்கள்லயே நிறைய பேர் இருக்காங்க. சரி, ஒரு டாலர் ஏறுனா உங்க ட்ரிப்புக்கு மொத்தமா எவ்ளோ கூடும்னு கேட்டா முழிப்பாங்க. அந்த ஒரு நம்பரை முதல்ல கண்டுபிடிங்க, போறதா வேணாமாங்கிறதை அப்புறம் பேசிக்கலாம்.

அதுக்கு உங்க வண்டியோட நிஜ மைலேஜ் தெரியணும். பிக்கப் ட்ரக் வாங்கும்போது ஸ்டிக்கர்ல போட்டிருந்த மைலேஜ் இல்ல, பின்னாடி கேம்பரை (பிக்கப் மேல உக்கார வெச்சு உள்ள தங்குற சின்ன வீடு) ஏத்தி, தண்ணி, சாமான், குடும்பம் எல்லாத்தையும் ஏத்துனப்புறம் வர்ற மைலேஜ். டேஷ்போர்டுல காட்டுறதையும் அப்படியே நம்பாதீங்க, பல வண்டில கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்க் ஃபுல் பண்ணிட்டு ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க, அடுத்த தடவை ஃபுல் பண்றப்போ பம்ப் 27.3 கேலன்னு காட்டுது, மீட்டர்ல 262 மைல் ஓடியிருக்குன்னா வகுத்துப் பாருங்க, கேலனுக்கு 9.6 மைல் வரும். கூரை மடங்குற பாப்-அப் கேம்பர்னா 14, 15 வரைக்கும் கிடைக்கும், சுவர் மடங்காத பெரிய ஹார்ட் சைடுன்னா 9லேர்ந்து 11தான். 10ன்னா நம்ம கணக்குல லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர், கிட்டத்தட்ட லாரி மைலேஜ்.

இப்ப ஒரு ரூட் எடுத்துக்குவோம். லாஸ் ஏஞ்சலஸ்ல கிளம்பி வேகஸ், அப்புறம் யூட்டாவுல சையன், பிரைஸ், கேப்பிடல் ரீஃப்னு மூணு நேஷனல் பார்க், மோவாப் ஊரு, அப்புறம் ஒரே மூச்சுல வீடு. மேப்ல சுமார் 1,500 மைல் வரும். ஆனா மேப் சொல்றதோட நிக்காது, பார்க் உள்ள சுத்துறது, கடைக்குப் போறது, தண்ணி பிடிக்கப் போறதுன்னு இன்னும் 300 சேத்துக்கோங்க. 1,800 மைல், 10 மைலேஜ், ஆக 180 கேலன். கேலன் 4 டாலர்னா 720, 5 டாலர்னா 900. ஒரு டாலர் ஏத்தம்னா 180 டாலர் கூடுதல், அவ்ளோதான். ரெண்டு வார ட்ரிப்புக்கு நாளுக்கு கிட்டத்தட்ட 13 டாலர். மோவாப் மாதிரி ஊர்ல ஹூக்கப் (கரண்ட், தண்ணி கனெக்ஷன்) இருக்குற கேம்ப்கிரவுண்டுல ஒரு ராத்திரிக்கே 60, 70 டாலர் கேக்குறாங்க, மூணு ராத்திரி அங்க தங்காம விட்டாலே அந்த ஏத்தம் சரியாயிடும். இதுக்குப் போயா ட்ரிப்பை கேன்சல் பண்றது?

அந்த மூணு ராத்திரிக்கு எங்க போறதுன்னா பிஎல்எம் நிலம் (மத்திய அரசோட பொது நிலம்), நேஷனல் ஃபாரஸ்ட். பெரும்பாலும் ஒரே இடத்துல 14 நாள் வரைக்கும் காசில்லாம தங்கலாம். மோவாப் ஊரை ஒட்டி இப்ப நிறைய இடத்துல தடை போட்டுட்டாங்க, கொஞ்சம் தள்ளிப் போகணும், அந்த வட்டாரத்துல சொந்த டாய்லெட் இருக்கணும்னு ரூல் வேற (கேம்பர்ல அது இருக்கு, டென்ட்காரங்கதான் பாவம்).

நிஜமான மிச்சம் எங்க இருக்குன்னா, ஓடுற மைலைக் குறைக்கிறதுலதான். மோவாப்லேர்ந்து ஆர்ச்சஸ் பார்க் பக்கத்துல, அது பரவால்ல. ஆனா கேனியன்லேண்ட்ஸ் பார்க்கோட நீடில்ஸ் பகுதி ஒரு வழிக்கே 75 மைல், காலைல போய் சாயங்காலம் திரும்புனா 150 மைல், 15 கேலன், 60 டாலர் புகைஞ்சு போச்சு. அதையே மோவாப்புக்குத் திரும்பாம நீடில்ஸ் பக்கமே ரெண்டு ராத்திரி தங்கிட்டு அடுத்த ஊருக்குப் போற மாதிரி ரூட்டை வளைச்சா பாதி மிச்சம். ஒரே இடத்துல நாலஞ்சு நாள் தங்குறதா இருந்தா இன்னொரு வழியும் இருக்கு, கேம்பரோட ஜாக்கை (தாங்கி நிக்கிற கால்) இறக்கி கேம்பரை அங்கயே நிக்க வெச்சுட்டு வெறும் பிக்கப்போட சுத்தலாம், மைலேஜ் நல்லாவே ஏறும். ஆனா இறக்கி ஏத்துறதுக்கு ஒரு மணி நேரம் போயிடும், சில கேம்ப்கிரவுண்டுல அனுமதியும் இல்ல, ஒரு நாளைக்காக அதைப் பண்றது வேலையத்த வேலை.

சீப்பான பங்க்கைத் தேடி அலையறதைப் பத்தி ஒரு வார்த்தை. ஆப்ல பாத்துட்டு 10 சென்ட் கம்மின்னு பத்து மைல் தள்ளிப் போறாங்க. 30 கேலன் போட்டா மிச்சம் 3 டாலர், போய்ட்டு வர்ற 20 மைலுக்கு ரெண்டு கேலன், 8 டாலர் செலவு. வழியில இருக்குற பங்க்கை மட்டும் ஒப்பிடுங்க, அதுலயும் ஸ்டேட் பார்டரைத்தான் கவனிக்கணும். கலிஃபோர்னியாவுல ஸ்டேட் வரியே கேலனுக்கு 60 சென்ட் கிட்ட, அதனால அரிசோனாலேர்ந்து உள்ள வர்றதா இருந்தா பார்டருக்கு முன்னாடியே ஃபுல் பண்ணிட்டு நீடில்ஸ் ஊரைத் (இது கலிஃபோர்னியா நீடில்ஸ், மேல சொன்னது வேற) தாண்டிடுங்க. டெத் வேலி போறவங்க நெவாடா பக்கம் பரம்ப்லயோ பீட்டிலயோ போட்டுட்டு இறங்குங்க, உள்ள ஃபர்னஸ் கிரீக்ல விலையைப் பாத்தா மயக்கம் வரும். யூட்டாவுல ஐ-70 ஹைவேல சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவுல 100 மைலுக்கு மேல பங்க்கே கிடையாது, அங்க விலையெல்லாம் பாக்காம போட்டுடணும்.

பம்ப் முன்னாடி நிக்கும்போதும் ரெண்டு விஷயம். யூட்டா, கொலராடோ மாதிரி உயரமான ஊர்ல ரெகுலர்ங்கிற பட்டன்ல 85ன்னு (ஆக்டேன் நம்பர்) போட்டிருக்கும், விலை கம்மியா இருக்கேன்னு அமுக்கிடாதீங்க, மேனுவல்ல 87ன்னு இருந்தா 87தான், அவ்ளோ வெயிட்டை ஏத்திட்டு மேடு ஏறுறப்போ எஞ்சின் தட்டும். இன்னொன்னு, பெரிய போர்டுல இருக்குறது பல இடத்துல கேஷ் விலை, கார்டுக்கு வேற விலை. கார்டுல போட்டா சில பங்க்ல 100, 125 டாலர்லயே பம்ப் கட் ஆயிடும், ரிப்பேர்னு நெனச்சு பதறாதீங்க, கார்டை மறுபடி சொருகுனா ஓடும்.

ஸ்பீடு. 75ல போறதை 62, 63க்கு இறக்குனா மைலேஜ்ல கண்ணுக்குத் தெரிஞ்சே வித்தியாசம் இருக்கும், ஏன்னா கேபினுக்கு மேல நீட்டிட்டு நிக்கிற அந்த மூக்கு காத்தை அப்படியே நெஞ்சுல வாங்குது. இதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆனா நம்மாளுங்க இதை மட்டும் பண்ண மாட்டாங்க. தண்ணியும் அப்படித்தான், கேலனுக்கு 8 பவுண்டுக்கு மேல, 30 கேலன்னா 250 பவுண்டு, தங்குற ஊர்ல தண்ணி கிடைக்கும்னா மலை ஏறுறதுக்கு முன்னாடியே ஏன் ஃபுல் பண்ணணும்.

எப்ப போறதுங்கிறதுலயும் காசு இருக்கு. பெரும்பாலான ஸ்டேட்ல செப்டம்பர் 15 வரைக்கும் பங்க்ல விக்கிறது சம்மர் பெட்ரோல், தயாரிக்கவே செலவு ஜாஸ்தி, அதுக்கப்புறம் வழக்கமா விலை இறங்கும், லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள் லீவு) முடிஞ்சதால கூட்டமும் இருக்காது, யூட்டாவுக்கு அக்டோபர்தான் அருமையான சீசனே. ஆனா கச்சா எண்ணெய் எகிறிட்டா இதெல்லாம் எடுபடாது, ஒரு பேரல் 42 கேலன், பேரலுக்கு 10 டாலர் ஏறுனா கேலனுக்கு 24 சென்ட் கிட்ட ஏறும், ஏறுறது சட்டுன்னு ஏறும், இறங்குறதுதான் ஆடி அசைஞ்சு இறங்கும். 2022 ஜூன்ல தேசிய சராசரி முதல் தடவையா 5 டாலரைத் தாண்டுச்சு, கலிஃபோர்னியாவுல 6.40க்கு மேல போச்சு. அதனால பட்ஜெட் போடும்போது இன்னைக்கு இருக்குற விலையோட ஒரு டாலர் கூட்டியே போடுங்க.

டீசல் ட்ரக்கா பெட்ரோலான்னு கேக்குறவங்களுக்கு: பெட்ரோல் 3.50, மைலேஜ் 9ன்னா மைலுக்கு 39 சென்ட், டீசல் 4.50, மைலேஜ் 12ன்னா 37.5 சென்ட், மேல டிஇஎஃப் (டீசல் புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற திரவம்) செலவு வேற. எரிபொருள் காசுக்காக மட்டும் டீசலுக்கு மாறாதீங்க.

அலாஸ்கா கனவு இருக்குறவங்க கனடா போர்டுல 1.80ன்னு பாத்துட்டு சீப்புன்னு குதிக்காதீங்க, அது லிட்டர் விலை, 3.785ஆல பெருக்கி, வர்றது கனடா டாலர், அதை மாத்திப் பாத்தாத்தான் உண்மை தெரியும். அலாஸ்கா போற வழியில ஃபோர்ட் நெல்சனுக்கும் வாட்சன் லேக்குக்கும் நடுவுல 500 கிலோமீட்டருக்கு மேல, வழியில இருக்குறது எல்லாம் ஒத்தை ஒத்தை லாட்ஜ் பங்க்தான், சீசன் இல்லன்னா சிலது பூட்டியே கிடக்கும். பாதி டேங்க் ஆனாலே கண்ணுல படுற பங்க்ல போட்டுடணும், என்ன விலையா இருந்தாலும்.