எச்பி 3478ஏ: பேட்டரி சாவதற்குள் கேலிப்ரேஷனை நகலெடுப்பது

பழைய எச்பி 3478ஏ மல்டிமீட்டர் கைக்கு வந்ததும் யாருக்கும் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கத்தான் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: உள்ளே இருக்கும் கேலிப்ரேஷன் எண்களை, அதாவது அளவு சரியாக வர மீட்டர் பயன்படுத்தும் திருத்த எண்களை, கணினிக்கு நகலெடுப்பது. அதற்கு மூடியைத் தொடவே வேண்டாம்.

1980களின் தொடக்கத்தில் வந்த ஐந்தரை இலக்க மீட்டர் இது. ஒவ்வொரு வரம்புக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவால் பெருக்க வேண்டும் என்ற எண்களை ஒரு சிறிய சிமாஸ் ராமில் (மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் சிப்) வைத்திருக்கிறது. மொத்தம் 256 இடங்கள், இடத்துக்கு நான்கு பிட், அதாவது ஒரு நிபிள். மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த ராமைத் தாங்கிப் பிடிப்பது போர்டில் சால்டர் செய்த ஒரே ஒரு 3 வோல்ட் லித்தியம் செல். அது தீர்ந்தால் எண்கள் போச்சு. அடுத்த முறை சுவிட்சைப் போட்டதும் திரையில் 'அன்காலிபிரேட்டட்' என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கும். அதன்பிறகு மீட்டரைத் தரமான மின்னழுத்த, மின்தடை மூலங்கள் வைத்திருக்கும் ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். செல்லின் விலையை விட அந்தச் செலவு பல மடங்கு.

சரி, வேலைக்கு வருவோம். மீட்டரின் பின்புறம் ஜிபிஐபி இணைப்பு (அளவுக் கருவிகளைக் கணினியோடு சேர்க்கும் பழைய வகை இணைப்பு) இருக்கும். அதைக் கணினியின் யுஎஸ்பியோடு சேர்க்க ஓர் அடாப்டர் வேண்டும். காசு இருந்தால் ப்ரோலாஜிக்ஸ் என்ற ஆயத்த அடாப்டரை வாங்கலாம். நான் அர்டுயினோவில் ஓடும் ஏஆர்488 மென்பொருளைப் போட்டு நானே கம்பி இழுத்துச் செய்துகொண்டேன். ஒரு மீட்டருக்கு இதுவே தாராளம். இரண்டும் ஏறக்குறைய ஒரே கட்டளைகளைத்தான் புரிந்துகொள்ளும். பைத்தானும், அதிலிருந்து சீரியல் போர்ட்டோடு பேச உதவும் பைசீரியலும் இருந்தால் மற்றதெல்லாம் இலவசம்.

தொடக்க அமைப்பு சின்னதுதான். இனி வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மீட்டரின் ஜிபிஐபி முகவரி தொழிற்சாலையிலிருந்து வரும்போது 23. யாராவது பின்புறச் சுவிட்சுகளை மாற்றியிருந்தால் அதைப் பார்த்துப் போடுங்கள். '++ஆட்டோ 0' கொடுங்கள், எப்போது படிக்க வேண்டும் என்பதை நாம் சொன்னால் போதும். '++ஈஓஎஸ் 3' கொடுங்கள், அடாப்டர் தன் பங்குக்கு வரிமுடிவு எதையும் ஒட்டாது. அப்புறம் மீட்டருக்கு 'டி4' அனுப்பினால் அளவெடுப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். அர்டுயினோ என்றால் போர்ட்டைத் திறந்ததும் போர்டு ஒருமுறை ரீசெட் ஆகும். இரண்டு விநாடி காத்திருந்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

இப்போது படிப்பது. பயனர் கையேட்டில் இல்லாத ஒரு கட்டளை இதற்கு உதவுகிறது: ஆங்கில 'டபிள்யூ' பெரிய எழுத்து (மதிப்பு 87), அதன் பின்னால் ராமில் படிக்க வேண்டிய இடத்தின் முகவரி (மேலே சொன்ன 23 அல்ல) ஒரே ஒரு பைட்டாக. பதிலாக 64 முதல் 79 வரை ஏதாவது ஓர் எண் வரும். 64-ஐக் கழித்தால் அந்த இடத்தின் நிபிள். 0-இலிருந்து 255 வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தால் முடிந்தது. கேலிப்ரேஷன் சுவிட்சைத் திருப்ப வேண்டியதில்லை. எழுதத்தான் அது வேண்டும், படிக்க வேண்டாம்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கு இரண்டு ராத்திரி போனது.

முதல் ராத்திரி, முகவரியை எழுத்துச் சரமாக (ஸ்ட்ரிங்) வைத்து, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாற்றி அனுப்பினேன். 127 வரை ஒழுங்காக வந்தது. 128 தாண்டியதும் ஒரு முகவரி இரண்டு பைட்டாகப் பிளந்துபோய் எல்லாம் குப்பை. பைட்டாகவே அனுப்பியதும் அது சரியானது.

இரண்டாம் ராத்திரி வந்தது இன்னும் நயவஞ்சகமான பிழை. 256 எண்களும் வந்துவிட்டன, கோப்பு நிறைந்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். சால்டரிங் அயர்னைக்கூடச் சூடாக்கிவிட்டேன். எதற்கும் கூட்டிப் பார்ப்போம் என்று பார்த்தேன். எண்கள் முகவரி 1-இலிருந்து 13, 13 ஆக 19 தொகுதிகளாக இருக்கின்றன. முதல் 11 நிபிள்களைக் கூட்டி, கடைசி இரண்டையும் ஒரே பைட்டாக எடுத்துச் சேர்த்தால் 255 வர வேண்டும். என் கோப்பில் 1, 3, 4 ஆம் தொகுதிகள் மட்டும் உதைத்தன. இரண்டாவது சுத்தமாக இருந்தது.

காரணம் அடாப்டர். 10, 13, 27, 43 ஆகிய நான்கு பைட்டுகளும் அதற்குத் தனிப் பொருள் உள்ளவை: வரிமுடிவு, கேரேஜ் ரிட்டர்ன், எஸ்கேப், கூட்டல் குறி. முகவரி 10-ஐ அனுப்பினால் 'வரி முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு அதை மீட்டருக்குக் கடத்தவே இல்லை. பதில் வராத இடத்தில் மீட்டரை கிளியர் செய்துவிட்டு 0 போட்டுத் தொடரும்படி என் நிரலில் நானே எழுதியிருந்தேன். என் புத்திசாலித்தனம்! 10-உம் 13-உம் முதல் தொகுதியில், 27 மூன்றாவதில், 43 நான்காவதில் விழுகின்றன, கணக்கு அப்படியே பொருந்தியது. தீர்வு ஒரு வரி: இந்த நான்கில் எது முகவரியாக வந்தாலும் அதற்கு முன்னால் 27 என்ற பைட் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். அன்றைக்குச் செல்லைக் கழற்றியிருந்தால் அந்தக் கோப்பு ஒன்றுக்கும் ஆகியிருக்காது. ஆகவே பதில் வராவிட்டால் நிரல் அங்கேயே நிற்கட்டும். 0 போட்டு நிரப்பவே வேண்டாம்.

இரண்டு முறை படித்து ஒப்பிடுங்கள். முகவரி 0 எந்தத் தொகுதியிலும் சேராது, அது மாறினால் கவலை வேண்டாம். 19 தொகுதிகளில் பயன்படாதவையும் சில உண்டு, அவற்றில் கூட்டல் ஒத்துவராவிட்டாலும் பயப்பட வேண்டாம். மற்றவை எல்லாம் 255 காட்ட வேண்டும்.

அதன்பிறகு செல். மீட்டரை ஓடவிட்டபடியே மாற்றினால் ராம் அழியாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே வீட்டு மின்சாரம் ஓடுகிறது. கையில் நல்ல நகல் இருக்கும்போது அந்த வீரம் எதற்கு? பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிதானமாக மாற்றுங்கள். செல்லின் உடம்பில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், தகட்டுக் காலோடு வருவதை வாங்குங்கள்.

திரும்ப எழுத, முன்பக்கத்து கேலிப்ரேஷன் சுவிட்சை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி, 'எக்ஸ்' (88), முகவரி பைட், நிபிளோடு 64 சேர்த்த பைட் என்று மூன்றையும் அனுப்ப வேண்டும். முகவரிக்கு இங்கேயும் அதே 27 வைத்தியம் உண்டு. மூன்றாவது பைட்டுக்குத் தேவையில்லை, அது 64-க்குக் கீழே வராது. முடிந்ததும் மறுபடி படித்துக் கோப்போடு ஒப்பிட்டு, சுவிட்சைப் பழைய நிலைக்குத் திருப்பி, மீட்டரை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள்.

பின்னால் சேர்த்தது: இதைப் படித்த ஒருவர், 100 முதல் 199 வரை எல்லா முகவரிக்கும் ஒரே பதில் வருகிறது என்று எழுதினார். முகவரியை எழுத்தாக அனுப்பியிருக்கிறார். '137' என்று அனுப்பினால் மீட்டர் '1' என்ற முதல் எழுத்தை மட்டும், அதாவது 49-ஐ முகவரியாக எடுத்துக்கொள்ளும். பைட்டாக மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொருவர் தன்னிடம் இருக்கும் மீட்டர் ஏற்கனவே அழிந்துவிட்டது, என் கோப்பைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுத்தாலும் பயனில்லை. திரையிலிருந்து எச்சரிக்கை போய்விடும், ஆனால் காட்டும் எண்கள் அவருடைய மீட்டருக்குள் இருக்கும் மின்தடைகளுக்கும் மின்னழுத்த ரெஃபரன்ஸுக்கும் பொருந்தாது. கோப்பின் பெயரிலேயே மீட்டரின் சீரியல் எண்ணைப் போட்டு வையுங்கள். என்னிடம் இரண்டாவது 3478ஏ வந்தபோது எது எதனுடையது என்று அரை மணி நேரம் முழித்தேன்.