வார்னிஷ் அடித்த தேக்கு இன்னும் ஒட்டுகிறதா? கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

தேக்கு ஊஞ்சல் பலகைக்கு வார்னிஷ் அடித்து மூன்று நாளாகியும் விரல் வைத்தால் ஒட்டுகிறது என்றால், முதல் வேலை பிரஷ்ஷைக் கழுவி எடுத்து வைப்பதுதான். "மேலே இன்னொரு கோட் போட்டா இழுத்துக்கும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். போடாதீர்கள். புதுக் கோட் மேலே காய்ந்து காற்றை அடைத்துவிடும். அடியில் இருப்பது இறுகாமலேயே கிடக்கும், போதாததற்குச் சுருக்கமும் விழும்.

டர்பன்டைன் கலந்து அடிக்கும் சாதாரண எண்ணெய் வார்னிஷ் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் டர்பன்டைன் ஆவியாகிவிடும். அதற்குச் சில மணி நேரம் போதும். பிறகு வார்னிஷில் உள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மெல்ல மெல்லப் பிணைந்து இறுகும். பிசுபிசுப்பு நாள் கணக்கில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் ஏதோ தடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை மெதுவாகும், உண்மைதான். ஆனால் எல்லாப் பழியையும் மழை மேல் போட்டுவிடுகிறோம். தேக்கு என்றால் நான் முதலில் மரத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

படி 1: டின்னைப் படியுங்கள்

வாங்கியது எண்ணெய் வார்னிஷா, அல்லது ஹார்டனர் (இறுக வைக்கும் துணைத் திரவம்) கலக்க வேண்டிய பியூ (பாலியூரித்தேன்), மெலமைன் வகையா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் ஹார்டனரை மறந்திருந்தாலோ அளவு குறைந்திருந்தாலோ எத்தனை நாள் காத்திருந்தாலும் சரியாக இறுகாது. மேலே ஹார்டனரைத் தடவியும் பயனில்லை. நேராகப் படி 4க்குப் போய்விடுங்கள். துடைக்க மட்டும் டர்பன்டைனுக்குப் பதில் அந்த வார்னிஷுக்குரிய தின்னர்.

எதைக் கலந்தீர்கள் என்பதையும் யோசியுங்கள். டர்பன்டைன் தீர்ந்தது என்று மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது லேசில் ஆவியாகாது.

படி 2: கண்ணாடித் துண்டில் சோதனை

செலவே இல்லாத இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. டின்னில் மிச்சமிருக்கும் வார்னிஷை நன்றாகக் கலக்கி, உடைந்த கண்ணாடித் துண்டிலோ மீந்துபோன டைல்ஸிலோ மெல்லிசாகத் தடவி, அதே பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். மறுநாள் தொட்டுப் பாருங்கள்.

கண்ணாடியிலும் காயவில்லை என்றால் குற்றம் வார்னிஷிலோ வானிலையிலோ இருக்கிறது. இரண்டையும் பிரிக்க, புதிதாக வாங்கிய சின்ன டின்னிலிருந்தும் இன்னொரு துண்டில் தடவிப் பாருங்கள். புதுசு காய்ந்து பழசு காயாவிட்டால், பழைய டின்னைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பல வருடம் கிடக்கும் வார்னிஷில், காய வைப்பதற்காகச் சேர்த்திருக்கும் உலோக உப்புகள் வேகம் இழந்துவிடும்.

கண்ணாடியில் காய்ந்து பலகையில் ஒட்டுகிறது என்றால் காரணம் மரத்தில் இருக்கலாம். கோட் தடிமனாக விழுந்திருக்கவும் கூடும். தேக்கிலும் ஈட்டி மரத்திலும் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையானை விரட்டுவதில் அந்த மரச்சத்துகளுக்குப் பங்கு உண்டு. அவற்றில் சில வார்னிஷில் கரைந்து, ஆக்சிஜனோடு சேரும் வேலையை நிறுத்தி வைக்கின்றன. பலகை முழுக்க ஒரே மாதிரி ஒட்டினால் இதுதான் பெரும்பாலும்.

திட்டுத் திட்டாக ஒட்டினால் வேறு கதை. பழைய ஊஞ்சலில் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை வருடமானாலும் காயாது. தலை சாயும் இடம், கை வைக்கும் இடம் என்று அந்தந்த இடத்தில் மட்டும் பிசுபிசுப்பு நிற்கும். செதுக்கு வேலையின் பள்ளங்களில் மட்டும் ஒட்டினால் அங்கே வார்னிஷ் தேங்கிவிட்டது. மேலே பாலாடை போல் படிந்து உள்ளே ஈரமாக இருக்கும்.

படி 3: காத்திருக்கலாமா?

கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் நகத்தை அழுத்துங்கள். பிறகு 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் இறுகிவிட்டது. உருண்டு தாளில் அப்பிக்கொண்டால் இன்னும் இல்லை. ஜன்னலைத் திறந்து, ஃபேன் ஓடவிட்டு, ஒரு வாரம் பாருங்கள். நாளுக்கு நாள் ஒட்டுவது குறைந்தால் விட்டுவிடுங்கள், தானாக ஆகும். மொட்டை மாடி வெயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டாம், கொப்புளம் கிளம்பும். ஒரு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் எடுத்தாக வேண்டும்.

படி 4: துடைத்து எடுப்பது

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பனியன் வேஸ்ட்டை டர்பன்டைனில் நனைத்து, பிசுபிசுப்பை இளக்கி, மர ரேகை போகும் திசையிலேயே துடைத்து எடுங்கள். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் எடுத்ததையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். பிடிவாதமான இடத்தை ஸ்க்ரேப்பரால் சுரண்டலாம். நன்றாகக் காய்ந்தபின் 120, அடுத்து 180 எண் உப்புத்தாள். ஒட்டும்போதே உப்புத்தாளை எடுத்தால் தாள்தான் வீணாகும்.

அந்த நேரத்தில் பூஜை விளக்கோ அடுப்போ பக்கத்தில் எரியக் கூடாது. வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. உள்ளே சூடு ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போட்டபின் எறியுங்கள்.

படி 5: மறுபடி அடிப்பது

தின்னர் நனைத்த சுத்தமான துணியால் தேக்கை அழுத்தித் துடையுங்கள். துணியில் மஞ்சள் பழுப்பு ஏறும். அது குறையும்வரை துணி மாற்றித் துடைக்க வேண்டும். தின்னர் பறந்ததும் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உள்ளிருக்கும் பசை மறுபடி மேலே வந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, ஸ்பிரிட்டில் கரைத்த மெழுகு நீக்கிய அரக்கை (ஷெல்லாக்) ஒரு கோட் போட்டு, மரத்துக்கும் வார்னிஷுக்கும் நடுவே தடுப்புக் கட்டிவிடுவது. அது காய்ந்ததும், டின்னில் சொன்ன அளவுக்கு டர்பன்டைன் கலந்து, மெல்லிய முதல் கோட். முழுப் பலகைக்கும் போகுமுன் அடிப்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் அடித்து மறுநாள் பாருங்கள். இரண்டாவது கோட்டுக்கு முன்னும் அதே உப்புத்தாள் சோதனை. பொடி உதிர்ந்தால்தான் அடுத்த கோட்.

தொட்டால் ஒட்டாத நிலை ஓரிரு நாளில் வரும். முழுதாக இறுக ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை ரெக்சின் மெத்தையோ பிளாஸ்டிக் விரிப்போ போடாதீர்கள், ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பருத்தி விரிப்புக்கூட உட்காரும் நேரம் மட்டும்.