ஃபெர்னாண்டோ டோரஸ் பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 செப்டம்பர் 18, ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். செல்சிக்காக ஆடுறாரு, மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டி ஹேயாவ சுத்தி தாண்டி வந்தாச்சு, முன்னாடி வெறும் வலை, லேசா தட்டினா போதும், பந்து வெளிய போயிடுச்சு. ஸ்பெயின் ஸ்ட்ரைக்கர் ஃபெர்னாண்டோ டோரஸ்னு பேரு சொன்னாலே நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது இந்த ஒரு கிளிப்தான். ஆனா அதே மேட்ச்ல செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அதே டி ஹேயா மேல தூக்கிவிட்டு அழகா ஒரு கோல் போட்டதும் இதே டோரஸ்தான், அதை யாரும் சொல்றதில்ல. அவரோட கேரியர் பத்தி பேசும்போது நடக்குற எல்லா தப்பும் இங்கதான் ஆரம்பிக்குது, ஒரு வெட்டி எடுத்த துண்ட மட்டும் பாத்துட்டு முழு ஆளயும் எடை போட்டுடுறோம்.

மொதல்ல ஒரு சின்ன விஷயத்த முடிச்சுடுறேன். ஃபெர்னாண்டோ டோரஸ் வேற, ஃபெரான் டோரஸ் வேற. ரெண்டு பேரும் ஸ்பெயின், ரெண்டு பேரும் முன்வரிசை ஆளுங்க, ஆனா ஃபெரான் பொறந்ததே 2000ல, வலென்சியால வளர்ந்து மான்செஸ்டர் சிட்டி போயி அப்புறம் பார்சிலோனாவுக்கு வந்தவரு. சொந்தக்காரங்களும் இல்ல. இப்போ கால்பந்து பாக்க ஆரம்பிச்ச பசங்க இதுல கொழம்புறாங்க, அது பரவால்ல, பெரிய தப்புங்க வேற இருக்கு.

அவர் கதைய லிவர்பூல்லருந்து தொடங்குறது ரொம்ப பொதுவான தப்பு. 1984ல மாட்ரிட் பக்கத்துல ஃபுவென்லப்ராடாவுல பொறந்தவரு, தாத்தாகிட்டருந்து வந்த அட்லெடிகோ மாட்ரிட் கிளப் பாசம், 11 வயசுல அந்த கிளப்போட அகாடமியில சேந்தாச்சு. 2000ல அட்லெடிகோ ஸ்பெயினோட முதல் டிவிஷனான லா லிகாலருந்து ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு, அவ்ளோ பெரிய கிளப்புக்கு அது எப்படிப்பட்ட அவமானம்னு யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துலதான், 2001 மே மாசம், 17 வயசு பையன இறக்கிவிட்டாங்க. அடுத்த சீசன் முழுக்க ரெண்டாம் டிவிஷன்ல ஆடினப்ப அவர் அடிச்சது 6 கோல்தான், வந்த உடனே அடிச்சு நொறுக்கினாருன்னு சொல்றதெல்லாம் பின்னாடி வந்த கதை. 2002ல டீம் மேல ஏறுச்சு, அடுத்த சீசன்ல லா லிகாவுலயே 13 கோல், 19 வயசுல கேப்டன். எல் நீன்யோ, அதாவது சின்னப்பையன்னு செல்லமா கூப்பிடுவாங்க, அந்த சின்னப்பையன் கையிலதான் கேப்டன் பட்டைய கட்டினாங்க. அந்த டீம்ல சீனியரா கூட ஆடினவர்ல ஒருத்தர் டீகோ சிமியோனே, இந்தப் பேர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவாரு.

2007ல லிவர்பூல் போனாரு. இதுல தப்பு நடக்குறது வேற மாதிரி, அந்த மூணரை வருஷத்த எல்லாரும் புகழுறாங்க, ஆனா எதனால அப்படி ஆடினாருன்னு பாக்குறதில்ல. முதல் சீசன்லயே 24 லீக் கோல், இங்கிலாந்துக்கு வந்த வெளிநாட்டு வீரர் ஒருத்தர் பிரீமியர் லீக்ல முதல் சீசன்ல அடிச்சதுல அப்போ அதுதான் அதிகம், அதுக்கு முன்னாடி வான் நிஸ்டல்ராய் 23 வச்சிருந்தாரு. மொத்தமா 142 மேட்ச்ல 81 கோல். டோரஸோட ஆயுதம் என்னன்னா டிஃபெண்டருக்கு பின்னாடி இருக்குற காலி இடம். லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு தலைய தூக்கினா போதும், இவர் ஓட ஆரம்பிச்சிடுவாரு, பந்து வந்து விழுறப்ப டிஃபெண்டர விட ரெண்டு அடி முன்னாடி இருப்பாரு. 2009 மார்ச்ல நாலு நாள் இடைவெளியில ரியல் மாட்ரிட்ட 4-0, மான்செஸ்டர் யுனைடெட்ட ஓல்ட் டிராஃபோர்டுல 4-1னு லிவர்பூல் அடிச்சுது இல்லயா, ரெண்டுலயும் டோரஸ் கோல் இருக்கு. 2008 யூரோ ஃபைனல்ல ஜெர்மனிக்கு எதிரா போட்ட கோலும் அச்சு அசல் அதே மாதிரிதான், சாவி பாஸ் விட்டாரு, ஜெர்மனி டிஃபெண்டர் லாம் கிட்ட பந்து போற மாதிரி இருந்துச்சு, இவர் சுத்தி ஓடி முந்திக்கிட்டு முன்னேறி வந்த கோல்கீப்பர் லேமன் மேல தட்டிவிட்டாரு. 33வது நிமிஷம், அந்த ஒரு கோல்தான் மேட்ச்சே. 44 வருஷம் கழிச்சு ஸ்பெயினுக்கு ஒரு பெரிய கோப்பை கிடைச்சுது. அந்த வருஷம் உலகத்தோட சிறந்த வீரருக்கு கொடுக்குற பாலன் டோர் விருதுல மூணாவது இடம்.

சரி, இப்ப எல்லாரும் சண்டை போடுற இடம். 2011 ஜனவரி 31, செல்சி, 5 கோடி பவுண்டு, அப்போ பிரிட்டன்ல அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காத விலை. "செல்சிக்குப் போனாரு, கெட்டுப்போனாரு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறோம். தேதிய கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பாருங்க. 2010 ஜனவரியில முட்டியில ஆபரேஷன், அதே வருஷம் ஏப்ரல்ல மறுபடியும் அதே முட்டியில ஆபரேஷன், அது முடிஞ்சு ரெண்டு மாசம்கூட முழுசா ஆகல, உலகக்கோப்பை ஆட தென்னாப்பிரிக்கா போயாச்சு. அங்க ஒரு கோல் கூட இல்ல, ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல சப்பா வந்து கடைசியில தொடைய பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு. வேகத்த வச்சு ஆடுற ஆளுக்கு முட்டி போச்சுன்னா என்ன ஆகும்? ரெண்டு அடி முன்னாடி இருந்தவரு அரை அடி பின்னாடி ஆயிடுறாரு, அவ்ளோதான், பாக்குறதுக்கு அதே ஆளுதான் ஆனா கணக்கு மாறிடுச்சு. அது மட்டும் இல்லாம செல்சிக்கு எதிரா ஆடுற டீமுங்க பாதி பேரு பெனால்டி ஏரியாவுலயே கூட்டமா உக்காந்துக்குவாங்க, பின்னாடி ஓட இடமே கிடையாது, அந்த மாதிரி முட்டி மோதி ஆடுறதுக்கு ட்ரோக்பான்னு ஒரு ஸ்ட்ரைக்கர் ஏற்கனவே அங்க இருந்தாரு.

முதல் மேட்ச்சே லிவர்பூல் கூட, 0-1 தோல்வி, முதல் கோலுக்கு 903 நிமிஷம் ஆச்சு. நான் இத மறைக்க வரல. லீக்ல 110 மேட்ச்ல 20 கோல்ங்கறது அந்த விலைக்கு கம்மிதான், டோரஸ் ரசிகனா இருந்தும் அத ஒத்துக்கணும், ரசிகருங்க பண்ற தப்பே இத ஒத்துக்காம இருக்குறதுதான். ஆனா எதிர்ப்பக்கம் நிக்கிறவங்க லீக் கணக்க மட்டும் சொல்லிட்டு கப் மேட்ச்ச எல்லாம் தூக்கிப் போட்டுடுறாங்க, அது அதவிட பெரிய தப்பு. 2012-13 ஒரு சீசன்ல மட்டும் பிரீமியர் லீக், எஃப்ஏ கப், லீக் கப், கம்யூனிட்டி ஷீல்டு, சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கிளப் உலகக்கோப்பைன்னு ஏழு போட்டியில கோல் போட்டிருக்காரு. யூரோப்பா லீக் ஃபைனல்ல பென்ஃபிகாவுக்கு எதிரா முதல் கோல் அவரோடதுதான்.

2012 சாம்பியன்ஸ் லீக்ல பார்சிலோனா கூட நடந்த செமி ஃபைனல் எல்லாருக்கும் தெரியும், டெர்ரி ரெட் கார்டு வாங்கி 10 பேரா ஆடுன செல்சி, 80வது நிமிஷம் ட்ரோக்பாவுக்கு பதிலா இறங்கின டோரஸ், ஸ்டாப்பேஜ் டைம்ல பாதி மைதானம் தனியா ஓடி கோல்கீப்பர் வால்டெஸ தாண்டி போட்ட கோல். அந்த கோல் இல்லன்னாலும் செல்சி அவே கோல் ரூல்ல, அதாவது ரெண்டு மேட்ச் மொத்தம் சமமானா எதிரணி மைதானத்துல அதிகமா கோல் போட்ட டீம் ஜெயிக்கிற ரூல்ல, ஃபைனல் போயிருக்கும், அதனால "டோரஸ்தான் ஃபைனலுக்கு கொண்டு போனாரு"ன்னு சொல்றதும் சரியில்ல, ஆனா அந்த கடைசி நிமிஷ மூச்சுத்திணறல நிறுத்தினது அவர்தான். உண்மையிலயே மேட்ச்ச மாத்தின வேலை ஃபைனல்ல நடந்துச்சு, அத யாரும் கண்டுக்கல. பேயர்ன் 1-0 முன்னாடி, நேரம் முடியப்போகுது, சப்பா வந்த டோரஸ் வலது ஓரத்துல ஓடி ஒரு கார்னர் வாங்கிக் கொடுத்தாரு, மாட்டா அடிச்சாரு, ட்ரோக்பா தலையால முட்டி 1-1. கோலும் இல்ல அசிஸ்டும் இல்ல, எந்த டேபிள்லயும் அது வராது.

2010 உலகக்கோப்பை ஃபைனல்லயும் இதே கதைதான். இனியெஸ்டா கோலுக்கு ஃபேப்ரிகாஸ் பாஸ்னு சொல்லுவோம், அந்த பந்து ஃபேப்ரிகாஸ்கிட்ட வந்தது எப்படி? டோரஸ் இடது பக்கத்துலருந்து உள்ள போட்ட பந்த நெதர்லாந்து வீரர் வான் டெர் வார்ட் சரியா வெளிய அடிக்க முடியாம போனதுலதான்.

2012 யூரோவுல அதிக கோல் அடிச்சவருக்கான கோல்டன் பூட் பத்தியும் சொல்லணும், "பெஞ்ச்ல உக்காந்து வாங்கின அவார்டு"ன்னு கிண்டல் பண்றவங்க இருக்காங்க. மூணு கோல் அடிச்சவங்க ஆறு பேரு, டோரஸுக்கும் மரியோ கோமஸுக்கும் ஒரு அசிஸ்ட் கூட, அதுல கம்மி நிமிஷம் ஆடினது டோரஸ், 189 நிமிஷம். ரூல் அப்படித்தான் இருந்துச்சு. அதுவும் ஸ்பெயின் கோச் டெல் போஸ்கே ஸ்ட்ரைக்கரே இல்லாம ஃபேப்ரிகாஸ முன்னாடி நிறுத்தி ஆடுற முடிவுல இருந்தப்ப, அயர்லாந்துக்கு எதிரா வாய்ப்பு கிடைச்ச மேட்ச்ல ரெண்டு கோல், ஃபைனல்ல இத்தாலிக்கு எதிரா சப்பா வந்து ஒரு கோல், மாட்டாவுக்கு ஒரு பாஸ். அந்த மாட்டா பாஸ் எனக்கு ரொம்ப பிடிக்கும், அவரே அடிச்சிருக்கலாம், நின்னு சைடுல தள்ளிவிட்டாரு.

செல்சிக்கு அப்புறம் போன ஏசி மிலான் பத்தி பேச ஒண்ணுமில்ல, 10 மேட்ச், 1 கோல்.

அதோட அவர் கதைய மூடிடுறதுதான் கடைசி தப்பு. 2015 ஜனவரியில அட்லெடிகோவுக்கு திரும்பி வந்தப்ப, மேட்ச்சே இல்லாத நாள்ல வெறும் வரவேற்புக்காக அந்த கிளப்போட விசென்டே கால்டெரோன் மைதானத்துல 45,000 பேரு கூடினாங்க. இப்ப கோச் யாரு? அந்த சிமியோனே. கொஞ்ச நாள்லயே ஸ்பெயின் கப் போட்டியான கோபா டெல் ரேல, ரியல் மாட்ரிட்டோட பெர்னபியூ மைதானத்துல, ஒவ்வொரு ஹாஃபும் ஆரம்பிச்ச முதல் நிமிஷத்துலயே ஒரு கோல்னு ரெண்டு கோல் போட்டு ரியல் மாட்ரிட்ட வெளிய அனுப்பினாரு.

அவரு ஜெயிச்ச பெரிய கோப்பைங்க நிறைய, உலகக்கோப்பை இருக்கு, ரெண்டு யூரோ இருக்கு, சாம்பியன்ஸ் லீக் இருக்கு. ஆனா சின்ன வயசுலருந்து நேசிச்ச கிளப்புக்காக ஒரு பெரிய கோப்பை கூட இல்லாம இருந்தாரு. இவரு 2007ல கிளம்பினப்புறம் அந்த இடத்துக்கு ஃபோர்லான் வந்தாரு, 2010ல அட்லெடிகோ யூரோப்பா லீக் ஜெயிச்சுது, அதுவும் செமி ஃபைனல்ல லிவர்பூல தோக்கடிச்சு, அந்த நேரம் டோரஸ் முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு படுத்திருந்தாரு. 2016 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஒரு பெனால்டி வாங்கிக் கொடுத்தாரு, கிரீஸ்மன் அடிச்சது கிராஸ்பார்ல பட்டு போச்சு, கடைசியில ஷூட் அவுட்ல ரியல் மாட்ரிட்கிட்ட தோல்வி.

2018 மே 16, லியோன் நகரம், யூரோப்பா லீக் ஃபைனல், மார்சேக்கு எதிரா 3-0. டோரஸ் இறங்கினது 90வது நிமிஷத்துல, பந்து கால்ல பட்டுச்சான்னு கூட பெருசா சொல்ல முடியாது. கோப்பைய வாங்க போன கேப்டன் காபி அவரையும் பக்கத்துல நிறுத்தி ரெண்டு பேருமா சேந்து தூக்கினாங்க. நாலு நாள் கழிச்சு சீசனோட கடைசி மேட்ச், ஐபார் கூட, 2-2, ரெண்டு கோலும் டோரஸ். அப்புறம் ஜப்பான்ல சாகன் டோசுவுக்கு ஆடி, 2019 ஆகஸ்ட்ல இனியெஸ்டா இருந்த விசெல் கோபே டீம்கிட்ட 1-6னு தோத்த மேட்ச்தான் கடைசி. அட்லெடிகோவுக்கு மட்டும் 404 மேட்ச், 129 கோல்.