நாசரைப் பார்ப்பது எப்படி? ஒரு கொப்பி, ஆறு படம்

டிவியில் பழைய படம் ஏதாவது ஓடினால், "யார் யார் நடிக்கிறது?" என்று எங்கள் அம்மம்மா கேட்பார். கமல், ரேவதி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, "அப்புறம் நாசர்" என்று முடிப்போம். இந்தப் பதிவு அந்த "அப்புறம்" பற்றியது.

1985இல் கே. பாலசந்தரின் 'கல்யாண அகதிகள்' படத்தில் அறிமுகமானவர், இன்றுவரை நடித்துக்கொண்டே இருக்கிறார். முகம் தெரியாத ஆளும் இல்லை. அந்த மூக்கை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2015இல் நடிகர் சங்கத் தலைவராகவும் வந்துவிட்டார். ஆனாலும் கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு 'நல்ல நடிகன் யார்' என்று நாங்கள் சண்டை பிடிக்கும்போது, அவர் பெயர் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் வரும். திருகோணமலைக்காரரான நாங்கள் எங்கள் ஊர்க் கோட்டையில் திரியும் மானைப் பார்ப்பது போலத்தான் இதுவும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இறங்கி நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

சரி, இறங்கி நின்று பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். நான் ஆறு வாரம் செய்து பார்த்த முறை இது.

தேவையானவை

ஒரு கொப்பி, ஒரு பேனை, ரிமோட். கூட இருந்து பார்க்க ஒரு ஆள். அந்த ஆள் சினிமா பற்றி நிறையப் பேசுகிறவராக இருக்கக்கூடாது. அப்படியானவர்கள் படம் ஓடும்போதே இயக்குநரின் வரலாறு சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு வாய்த்தது என் மாமி. கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார், தேவையான இடத்தில் ஒரு வசனம் விடுவார்.

வாரத்துக்கு ஒரு படம் போதும். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை அவர் வரும் காட்சிகளை மட்டும், அவரை மட்டும் பாருங்கள். வேறு யாராவது பேசும்போதும் கண் அவர் மேலேயே இருக்கட்டும். இது சொல்வது போலச் சுலபம் இல்லை. கண் தானாகவே கதாநாயகன் பக்கம் போய்விடும்.

படி 1: எதிரெதிர் வேடங்களைத் தேடாதீர்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை இது, நானும் செய்தேன். ஒரு வில்லன் படம், ஒரு சிரிப்புப் படம், ஒரு கிழவர் வேடம் என்று எடுத்து வைத்துக்கொண்டு, "அடேயப்பா, எத்தனை வகை!" என்று வியப்பது. அதில் பாதி ஒப்பனைக்காரரின் வேலை. மீசையும் வேட்டியும் மாறினால் ஆளே மாறியது போலத்தான் இருக்கும்.

ஒன்றுபோல இருக்கும் இரண்டு வேடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வில்லன், இரண்டு அப்பா என்று. உடுப்பும் வயதும் உதவி செய்யாத இடத்தில் நடிகர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

படி 2: இரண்டு வில்லன்கள், சத்தம் இல்லாமல்

முதல் சோடி 'தேவர் மகன்' (1992), 'குருதிப்புனல்' (1995). இரண்டிலும் எதிரே கமல்ஹாசன். இரண்டிலும் நாசர்தான் எதிரி.

'தேவர் மகன்' மாயத்தேவர் மேல் எனக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் சின்ன மாமா டெக்கும் டிவியும் வாடகைக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து இந்தப் படம் போட்டார். கடைசிச் சண்டை தொடங்கியதும் கசெட்டில் நாடா சிக்கிவிட்டது. ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லி, கடைசியில் அறுந்தே போனது. மாயத்தேவர் தப்பிவிட்டான் என்று நான் நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நாலு வருஷமும் நாசரை எங்கே பார்த்தாலும் கோபம் வரும். ஒரு நடிகருக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

பஞ்சாயத்துக் காட்சியை எடுத்து, சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுப் பாருங்கள். எதிரே சிவாஜி கணேசன். அவர் முன்னால் கத்துவது எந்த நடிகருக்கும் ஆபத்து. அவர் சும்மா இருந்தாலே எங்கள் கண் அங்கே போய்விடும். நாசர் அதற்குப் பயந்து அடக்கி வாசிக்கவில்லை. வசனம் கேட்காமலே கோபம் புரியும். வீட்டில் மரியாதை கிடைக்காமல் வளர்ந்த பங்காளியின் கோபம் அது. நியாயம் கேட்பது போல முகம் இருக்கும், அவமானப்படுத்த வந்தது உடம்பில் தெரியும். நான் கொப்பியில் "கழுத்து" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் பாருங்கள், புரியும்.

அடுத்து 'குருதிப்புனல்' பத்ரி. பி. சி. ஸ்ரீராம் இயக்கியது, பாட்டே இல்லாத படம். பத்ரி தீவிரவாதக் குழுவின் தலைவன். பிடிபட்டு பொலிஸ் காவலில் இருக்கிறான். அடி வாங்கிய பிறகும் அவன் பேச்சில் அவசரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் யார் கைதி, யார் அதிகாரி என்று எங்களுக்கே குழம்பிவிடும். இதைச் சத்தம் இல்லாமல் பார்த்தால் அவ்வளவாக ஒன்றும் கிடைக்காது. இங்கே எல்லாம் குரல்தான். அதனால் இந்தப் படத்துக்கு மட்டும் மறுபக்கமாகச் செய்யுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

மாயத்தேவரை உடம்பாலும் பத்ரியைக் குரலாலும் செய்திருக்கிறார். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்ததில் தெரிந்தது.

படி 3: இரண்டு அப்பாக்கள்

இங்கேதான் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995), திருமுருகனின் 'எம் மகன்' (2006). இரண்டிலும் கண்டிப்பான அப்பா. இரண்டிலும் மகனின் காதல் பிடிக்காது. இரண்டு பேரும் கத்துவார்கள். கதைச் சுருக்கம் எழுதினால் ஒரே ஆள் மாதிரி இருக்கும்.

கொப்பியில் நடுவே ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் ஒரே கேள்வியை எழுதுங்கள்: இந்தக் கோபம் எங்கேயிருந்து வருகிறது?

'பம்பாய்' அப்பாவின் கோபம் ஊருக்கு முன்னால் வருகிற கோபம். மகன் முஸ்லிம் பெண்ணை விரும்புகிறான் என்பதைவிட, ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவரைக் குடைகிறது. அதனாலேயே பேரப்பிள்ளைகளைக் கண்டதும் அவர் சீக்கிரம் உருகிவிடுகிறார். பம்பாயில் அவருடைய ஊர் இல்லையே! சம்பந்தி பஷீராக வருபவர் கிட்டி. நிஜத்தில் நாசர் முஸ்லிம், கிட்டி இந்து. படத்தில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மூன்று இனமும் ஒரே சந்தையில் நின்று மீன் விலை பேசும் எங்கள் ஊரில் இந்தத் தகவலைச் சொன்னால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை. "அதுக்கென்ன, நல்லாத்தானே செய்திருக்கிறார்" என்பார்கள். எனக்கும் அதே கருத்துத்தான்.

'எம் மகன்' அப்பா வைத்திருப்பது மளிகைக் கடை, நம்மூர்ப் பேச்சில் பலசரக்குக் கடை. இவருடைய கோபத்துக்கு ஊர் பார்க்க வேண்டும் என்று இல்லை. தினமும் கடை திறப்பது போல அதுவும் ஒரு வழக்கம். வளர்ந்த மகனை எல்லோர் முன்னாலும் அடிப்பார், அடுத்த நிமிடம் சாமான் நிறுப்பார். முகத்தில் மாற்றமே இராது. அடித்தது அவருக்கு ஒரு சம்பவமே இல்லை என்பதுதான் பயங்கரம். இப்படிப்பட்ட ஆள் இளகுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு பிற்பகுதியைப் பாருங்கள். அன்பு காட்ட வேண்டிய இடத்தில் அதை எந்தக் கையால் காட்டுவது என்று தெரியாதவர் போல நிற்பார்.

மாமி கீரையைக் கீழே வைத்துவிட்டார். "உங்கட மாமாவை யாரோ ஒளிஞ்சிருந்து பார்த்துப்போட்டு எடுத்திருக்காங்கள்" என்றார். மாமாவும் கடைதான் வைத்திருந்தவர். அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இதையும் கொப்பியில் எழுதினேன்.

நேரம் இருந்தால் 'சைவம்' (2014) தாத்தாவைப் பக்கத்தில் வைக்கலாம். 'ஜீன்ஸ்' (1998) இன்னும் வசதி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் நாசரே, ஒரே படத்தில் சோடி கிடைத்துவிடும். ஆனால் அவசரம் இல்லை.

படி 4: பேசாத சமையல்காரர்

'அவ்வை சண்முகி' (1996) என்றால் எல்லோருக்கும் கமலின் பெண் வேடம்தான் ஞாபகம் வரும். அதை ஒரு தடவை மறந்துவிடுங்கள். நாசர் அதில் பாஷா பாய். ஐயர் வீட்டில் வேலை வேண்டும் என்பதற்காக, வாய் பேச முடியாத பிராமணச் சமையல்காரர் போல நடிக்கிறார்.

அதாவது ஒரு நடிகர், இன்னொருவனாக நடிக்கிற ஒருவனாக நடிக்க வேண்டும். அந்த ஒருவன் அவ்வளவு கெட்டிக்கார நடிகனும் இல்லை, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் எப்போதும் இருக்கிறது. படி 2இல் பார்த்த குரல் இங்கே இல்லை. கையும் கண்ணும்தான். தொழுது கொண்டிருக்கும்போது பிடிபடும் காட்சியில் நாங்கள் சிரிக்கிறோம், ஆனால் அவர் தொழுகையைச் சிரிப்பாக்கவில்லை. கிண்ணியாவில் இருக்கும் என் நண்பன் இந்தக் காட்சியை வாப்பாவுடன் உட்கார்ந்து பார்த்துச் சிரித்ததாகச் சொன்னான். அந்த இடத்தில் கொஞ்சம் கூடிப்போயிருந்தாலும் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

படி 5: 'அவதாரம்'

இதைக் கடைசிக்கு வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1995இல் நாசரே எழுதி, இயக்கி, நடித்த படம். இளையராஜாவின் 'தென்றல் வந்து தீண்டும்போது' எல்லோருக்கும் தெரியும், ஆனால் பாட்டைக் கேட்டவர்களில் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

அவர் குப்புசாமி. கூத்துக் குழு ஒன்றில் எடுபிடி. அரிதாரம் பூசி மேடையேற வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. யாரும் வேடம் கொடுப்பதில்லை. வடமோடி, தென்மோடி என்று கூத்துப் பார்த்து வளர்ந்த கிழக்கிலங்கைக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குப் பின்னால் உடுப்புப் பெட்டி தூக்கிக்கொண்டு ஒரு குப்புசாமி போயிருப்பான்.

முன்பகுதியில் மற்றவர்கள் வேடம் கட்டுவதை அவர் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். பொறாமை இல்லை, ஏக்கம் என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. பசித்த பிள்ளை அடுப்பைப் பார்ப்பது போல ஒரு பார்வை. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, மாயத்தேவரின் பஞ்சாயத்துக் காட்சியை ஒரு நிமிடம் போடுங்கள். எதிரெதிர் வேடங்களை ஒப்பிடக்கூடாது என்று படி 1இல் சொன்னேன். இப்போது செய்யலாம். அதே மூக்கு, அதே கண். ஆனால் இப்போது உடுப்பைத் தாண்டிப் பார்க்கப் பழகியிருப்பீர்கள்.

முடிவைச் சொல்லமாட்டேன். நரசிம்மம் வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

படி 6: சின்ன வேடங்கள்

இதற்குத் தனியாக வாரம் வேண்டாம். 'நாயகன்' (1987) படத்தில் மருமகனான பொலிஸ் அதிகாரி, 'ரோஜா'வில் இராணுவ அதிகாரி, 'இருவர்' (1997) படத்தில் அறிஞர் அண்ணாவை ஞாபகப்படுத்தும் அய்யா வேலுத்தம்பி, 'பாகுபலி'யில் கை ஊனமான பிஜ்ஜலதேவன். டிவியில் வரும்போது கீரை ஆய்கிற நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம். 'இருவர்' மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. அவர் நடித்ததெல்லாம் நல்ல படம் இல்லை. வந்து இரண்டு வசனம் பேசிவிட்டுப் போகிற படங்கள் ஏராளம், சிலவற்றில் அவருக்கே ஈடுபாடு இல்லாதது தெரியும். பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் முடிக்கப் போனால் ஆறாம் நாளே சலித்துவிடும்.

என் கொப்பியில் இன்னும் பாதிப் பக்கம் மிச்சம் இருக்கிறது. அதில் டெல்லி கணேஷைத் தொடங்கியிருக்கிறேன். அவரும் 'அவ்வை சண்முகி'யில்தான் இருக்கிறார். ஆகவே அதையே முதல் படமாக மறுபடியும் போடப்போகிறேன் என்றேன். மாமி கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.